பூட்டிய ஷட்டருக்குள் ஒரு டெய்லர்

தையல் மெஷின் வாங்கிய வகையில் என் மைத்துனர் வட்டிக்காரருக்கு எட்டாயிரம் பாக்கி வைத்திருந்தார். தவணை தவறினால் மெஷினைத் தூக்கிவிடுவதாகப் பேச்சு. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று மூன்று லாரிக்கு முதலாளி. கொடுக்கிறேன் என்றேன். வாங்க அவருக்கு ரோஷம் இடம் தரவில்லை.

தவணை தவறியதும் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் மகள் ஆபீஸ் போகும்போது கடை ஷட்டரை வெளியே பூட்டிவிட்டுப் போவாள். இவர் உள்ளே இருந்து தைப்பார். மோட்டார் சத்தம் தெருவுக்குக் கேட்குமென்று மெஷினையே தொடவில்லை, எல்லாம் கைத்தையல். ஒரே நாளில் முடிகிற சட்டைக்கு ஒரு வாரம் ஆனது. வெளியே தலைகாட்ட முடியாததால் தைத்ததைக் கொடுக்கவும் வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் பின்வாசல் வழியாகப் போனோம். தெருவில் யாராவது செருமினால்கூட அவர் ஊசி நின்றுவிடும்.

"நீங்க பண்றது கவுண்டர்புரொடக்டிவ்ப்பா."

"தமிழ்ல திட்டும்மா, புரியும்."

"திட்டு இல்லப்பா. வேஸ்ட்னும் அர்த்தமில்ல. வேஸ்ட்னா பலன் கிடைக்காது, அவ்வளவுதான். இது, எதைக் காப்பாத்தப் பாடுபடுறோமோ அதுக்கே உலை வைக்கிறது."

"சேத்துல சிக்கின லாரிய முறுக்க முறுக்க சக்கரம் இன்னும் புதையுற மாதிரி" என்றேன். எனக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் போதும்.

"அதேதான் மாமா."

அப்போது ஷட்டரில் அடி விழுந்தது. அலமாரி அதிர்ந்து நூல்கண்டுகள் உருண்டன.

"துணியெல்லாம் சுருட்டிட்டு ஓடிட்டான்யா!"

"என் இன்டர்வியூ பேன்ட்டு போச்சே!"

நடுவே வட்டிக்காரர் குரல்: "நானும் பொறுமையாத்தான் இருந்தேன். ஆளே ஓடிட்டான்னு ஊரே சொல்லுது. உடைங்கடா பூட்ட!"

மைத்துனர் மெஷினைக் கட்டிக்கொண்டார். லாரி கவிழ்ந்தபோதுகூடக் கலங்காத நானே துள்ளி எழுந்துவிட்டேன்.

"மச்சான், பின்பக்கமா மெஷினக் கடத்திடலாமா?" என்றார்.

"கடத்தினா, நீ ஓடிட்டன்னு அவங்க சொல்றத நீயே நிஜமாக்கிடுவ மாப்ளே" என்றேன்.

மகள் சாவியோடு சுற்றிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். ஷட்டர் ஏறியது. தைத்து அடுக்கிய துணிகளுக்கு நடுவே வியர்த்துப்போய் நின்றவரைப் பார்த்துக் கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது.

"ஓடலையா நீ?" என்றார் வட்டிக்காரர்.

"இந்த உடம்ப வெச்சிக்கிட்டு எங்கண்ணே ஓடுறது?"

யாரோ சிரித்துவிட்டார்கள். பேன்ட்காரர் கூலியைக் கொடுத்துத் தன் துணியை முதலில் வாங்கிக்கொண்டார். மற்றவர்களும் கை நீட்டினார்கள். ஒரு தவணைக்கான பணம் சேர்ந்ததும், வட்டிக்காரரின் விரிந்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார் மைத்துனர்.