பெறாத பிள்ளைகளுக்கு வரி கட்டியவள்

ஒஹாயோவில் கார்வர் கிரீக் என்ற சிற்றூரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் லோர்னா பெட்ரிக்குக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. ஆனாலும் ஊரில் சொத்துள்ள எல்லோரையும்போல முப்பத்து நான்கு வருஷமாகப் பள்ளிக்கூட வரி கட்டுகிறாள். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. அப்பன் சுரங்கத்தில் செத்த வருஷம், ஊர்ப் பள்ளியின் தொழில் வகுப்பில்தான் கத்தரிக்கோல் பிடிக்கப் படித்தாள். வாத்தியாரம்மாவுக்குச் சம்பளம் கொடுத்தது, லோர்னாவை ஏறெடுத்தும் பார்த்திராத ஊர்.

பள்ளி வரியை உயர்த்த வேண்டுமென்றால் அங்கே ஜனங்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். மூன்றாவதும் தோற்றால் முதலில் மூடப்போவது அந்தத் தொழில் வகுப்பைத்தான்.

மே மாத ஓட்டு நாள் காலையில், ஓய்வுபெற்ற தபால்காரர் மெர்ல் ஹோஸ்டெட்லர் முடி வெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தார்.

"இந்தத் தடவையும் வேண்டாம்னுதான் போடப்போறேன். என் பசங்க படிச்சு முடிச்சுப் பதினெட்டு வருஷம் ஆச்சு. எவன் பிள்ளைக்கோ நான் எதுக்குத் தண்டம் அழணும்?"

"உங்க பசங்களுக்கு நான் அழுதேனே. நானா பெத்தேன்?"

"அதையெல்லாம் சொல்லிக்காட்டுவியாம்மா?"

"காட்டுவேன். உங்க மூத்தவன் ஒன்பதாவதுல ரெண்டு வருஷம் உக்காந்தான். ரெண்டு வருஷத்துக்கும் கட்டினேன்."

காத்திருந்த இருவர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்தார்கள்.

"போன மாசம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தீங்களே, ஆம்புலன்ஸ்ல ஓடிவந்த பொண்ணு எங்க படிச்சா? இதே தொழில் வகுப்புலதானே?"

"அவ கெட்டிக்காரி. எங்க போட்டாலும் முளைப்பா."

லோர்னாவின் கை நின்றது. இடதுபக்கம் வெட்டி முடித்திருந்தாள். வலதுபக்கம் காடாகக் கிடந்தது. போர்த்தியிருந்த துணியை உருவினாள்.

"எந்திரிங்க."

"இந்தப் பக்கம்?"

"நான் கத்துக்கிட்டது ஊர்க் காசுல. உங்க பங்குக்கு இவ்வளவுதான் வெட்ட முடியும். மிச்சத்துக்கு, தானா முளைச்ச கெட்டிக்காரி எவளாவது இருந்தா அவகிட்டப் போங்க."

மெர்ல் தொப்பியை அழுத்திக்கொண்டு ஓட்டுப் போடப் போனார். ஓட்டுச்சாவடி, அந்தப் பள்ளியின் விளையாட்டுக்கூடம். அங்கே வழக்கமே அதுதான்: பள்ளியின் கூரைக்கடியில் நின்று, பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவுக்காகப் பெற்றோர் விற்கும் சூப்பைக் குடித்து, "எவ்வளவு சமத்துப் பிள்ளைங்க!" என்று உச்சிமுகர்ந்துவிட்டு, திரைக்குப் பின்னால் போய் அந்தப் பிள்ளைகளின் வகுப்பை மூடிவிட்டு வருவார்கள். மனசாட்சி உறுத்தாது, சூப்புதான் வாங்கியாயிற்றே!

ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் வரி தோற்றது.

மறுநாள் லோர்னா கடையைத் திறக்கவில்லை. பள்ளி நிர்வாகக் குழுத் தலைவரின் மேஜைமுன் போய் நின்றாள்.

"நவம்பர்ல மறுபடி ஓட்டுக்கு விடுங்க."

"நாலாவது தடவையா? லோர்னா, ஜனங்க வாயில வந்தபடி திட்டுவாங்க."

"திட்டட்டும். ரெண்டு வார்த்தை கோர்வையாத் திட்டவும் அவங்களுக்கு இந்தப் பள்ளிக்கூடம்தானே சொல்லிக்கொடுத்துச்சு? தேதியைக் குறிங்க."