கிராஸில் பேர் வெட்டியவர்

என் வீட்டுக்காரர் யாரையும் நம்பமாட்டார். பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிடும்போதுகூட ஒரு கண் வெளியே கிடக்கும் செருப்பின் மேல்தான் இருக்கும். நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வந்து வாடகை ஜீப் ஓட்டினார். ஒருநாளும் ஏமாந்ததில்லை, ஏமாந்துவிடுவோமோ என்றே ஆயுசைக் கழித்தார்.

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் வேலை பார்த்தவரின் மனைவி என் தங்கை. நிறைமாசம். மலையிலிருந்து அவளை இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. அந்த நேரம் பார்த்து ஜீப்புக்கு அடியில் கடகடவென்று சத்தம். பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் யூனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது, உள்ளே இருக்கும் கிராஸை மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். கூட்டல் குறி மாதிரி, உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்புத் துண்டு அது.

“புதுசை ஒளிச்சு வச்சுக்கிட்டுப் பழசையே தொடச்சு மாட்டிருவான், கேட்டியா?” என்றார் இவர்.

சாலைக் கடைத்தெருவில் புது கிராஸைத் தானே வாங்கினார். வாங்கிய கையோடு பாத்திரக் கடைக்குப் போனார். எங்கள் வீடுகளில் கரண்டிக்குக்கூடப் பேர் வெட்டாமல் விடுவதில்லை. விசேஷ வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் திரும்பி வரவேண்டுமே! அந்தப் பேர் வெட்டும் மெஷினில் கிராஸிலும் தன் பேரின் முதலெழுத்தைப் போடச் சொன்னார். நடுப்பகுதி கறுப்பாக இருந்ததால், பளபளவென்றிருந்த ஒரு முனையில் போடவைத்தார். எந்தப் பாத்திரத்தின் கைப்பிடி என்று கடைக்காரர் கேட்டாராம்.

அந்த முனை வழுவழுப்பாக இருந்தால்தான் அதைச் சுற்றியுள்ள ஊசி பேரிங் உருளும். மெக்கானிக் சொரசொரப்பைத் தடவிப் பார்த்தார். அவருக்கு வேறு சந்தேகம். “இது பழையதாணல்லோ சேட்டா. கேடாயால் என்னெப் பறயருது” என்றார். கெட்டுப்போனால் தன்னைச் சொல்லக்கூடாதாம். பழையதை ஒப்பேற்றித் தன் தலையில் கட்டுகிறார் என்று அவர் நினைத்தார். நல்லதை மாற்றப் பார்க்கிறான் என்று இவர் நினைத்தார். மாட்டி முடிக்கும்வரை ஜீப்புக்கு அடியிலிருந்து இவர் தலையை எடுக்கவில்லை.

சில நாளில் தங்கையை அழைத்துவரப் போனோம். இறங்கும் வழியிலேயே அவளுக்கு வலி கண்டுவிட்டது. ஒரு வளைவில் கிரீச்சென்று சத்தம். தண்டு கழன்று ரோட்டில் விழுந்தது, இவர் பிரேக்கை அழுத்தி ஜீப்பை நிறுத்தினார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். இவர் மழையில் குனிந்து, தேய்ந்துபோன கிராஸை வேட்டியால் துடைத்து, அதில் மிச்சமிருந்த பாதி எழுத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

“மாத்தலை பாத்தியா? நம்ம சாதனம்தான்!”

“அவ உசுரு போகுது, நீங்க எழுத்தா பாக்குதீய?” என்று கத்தினேன். அன்றைக்கு அவரை அறைந்திருந்தால்கூட எனக்குப் பாவம் வந்திருக்காது.

எஸ்டேட் லாரி ஒன்று வந்தது. தங்கையை அதில் ஏற்றினோம். இவர் ஏறவில்லை. “நீ கூட்டிட்டுப் போ. வண்டியை விட்டுட்டு வந்தா டயரைக் கழத்திருவானுவ.”

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. இவர் மறுநாள் வந்தார். குழந்தையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“நீ கூடவேதான இருந்த? பிள்ளையை மாத்திரலையே?”

தங்கைக்கும் அது கேட்டுவிட்டது. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போக நான் டாக்ஸி பிடித்தேன்.