அம்மா பிடித்த குதிரைப் படம்

பரந்தன் மைதானத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடந்த மங்கிய நிறக் குதிரையைக் கண்டதும் அம்மா என் கையை இறுகப் பிடித்தார். எனக்கு அப்பாவின் துணிப்படம் நினைவுக்கு வந்தது.

நான் சின்னப்பிள்ளையாய் இருந்தபோது கனகராயன்குளத்தில் இருந்தோம். அப்பா சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் காக்கும் சபையின் பிரசங்கியார். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் குதிரையேறி ஊரூராகப் போய், கிறிஸ்து வரப்போகிறார் என்று அறிவித்தவர்களைப்பற்றிச் சொல்லிச் சொல்லியே தானும் சைக்கிளில் திரிவார். வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் வரும் நான்கு குதிரைகளும் வரைந்த துணி எங்கள் விறாந்தையில் பெயின்ற் மணத்தோடு தொங்கும். நாலாவது மங்கிய நிறக் குதிரை. அதில்தான் மரணம் ஏறிவரும் என்பார்.

ஒருமுறை என் தம்பிக்கு வந்த காய்ச்சல் ஆஸ்பத்திரி மருந்துக்கும் குறையவில்லை. கலியாணத்துக்கு முன் சைவமாயிருந்த அம்மா, ஒருவருக்கும் சொல்லாமல் வற்றாப்பளை அம்மனிடம் போய்த் திருநீறு கொண்டுவந்து அவனுக்குப் பூசினார். விடியமுன் தம்பி இறந்துபோனான். அவன் நெற்றியைப் பார்த்த அப்பா அழவில்லை.

"அந்தக் குதிரையை நீதான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீ" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, சபையார் முன்னால் அந்தத் துணியை அம்மாவைப் பிடிக்கச் செய்தார். நாலாவது குதிரையைப் பிரம்பால் தட்டித் தட்டித் தம்பியின் சாவைப் பிரசங்கித்தார். துணி ஒரு பக்கம் சரிந்தது.

"நேராப் பிடி. பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குத் தெரியேல்லை."

அம்மா நேராகப் பிடித்தார். அன்று இரண்டு குடும்பங்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தன.

அப்பா இறந்தே பல வருடங்களாகிவிட்டன. பரந்தன் மைதானத்தில் என் மகள் அந்தக் குதிரையில் ஏறவேண்டும் என்று அடம்பிடித்தாள். அம்மா அவளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார்.

"ஏத்தாதை பிள்ளை" என்றார் என்னிடம். "உன்ரை அப்பா சொன்னது பொய்யில்லை."