கூரை வரை போகாத சுவர்

தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரையின்கீழ் பன்னிரண்டு வீடு வரிசையாய் நிற்கும் எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது. மேலே இரண்டு முழம் திறந்தே கிடக்கும். கொரோனாக் காலத்தில், நோர்வூட்டுக்குப் பஸ் ஓடாத நாட்களில், பக்கத்து வீட்டு அக்காவின் இருமல் அந்த வழியாகத்தான் வந்தது.

குழாயடியில் அவரிடம் கேட்டேன். "அக்கா, தோட்டத்து ஆஸ்பத்திரி மிட்வைப் அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிருவோமா?"

"சொல்லு. பன்னெண்டு வீட்டையும் அடைச்சிருவாங்க. கொழுந்துக்குப் போகாம யாரு சோறு போடுவா? படிச்சவதானே, நீயே சொல்லு."

ஒரு மீற்றர் தள்ளி நிற்கச் சொன்ன அறிவித்தலை லயத்துக்கே வாசித்துக் காட்டியவள் நான். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோரும் தோளோடு தோள். கோயில் திருவிழாவை நிறுத்தினார்கள். மலையில் வேலையை நிறுத்தவில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

மிட்வைப் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. என் கணவருக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அந்த இடைவெளியில் பழைய கம்பளியை ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். அந்தப் பக்கமிருந்து அக்கா சிரித்தார். "ஏன்டி, கொரோனாவுக்குக் குளிருதுன்னா போத்துற?"

மூன்றாம் நாள் காலை என் மகளின் நெற்றி சுட்டது. ஒன்றரை வயதுப் பிள்ளை. உடனே மிட்வைப் அம்மாவுக்குப் போன் எடுத்து, அக்காவின் இருமலையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டு நாளாகப் பன்னிரண்டு வீட்டுச் சோற்றை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நம்பியிருந்தேன். அந்த நிமிடத்தில் ஒரு வீட்டுச் சோறும் என் ஞாபகத்தில் இல்லை.

அன்று மாலையே லயத்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினார்கள். நிவாரணப் பொதி வர ஐந்து நாள் ஆனது. அதுவரை குழாயடியில் என்னைக் கண்டவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள். அறிவித்தலில் கேட்ட ஒரு மீற்றர் அப்போதுதான் கிடைத்தது.

முன்பே சொல்லியிருக்க வேண்டுமா, சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமா? இன்றும் தெரியவில்லை.

கயிறு கட்டிய ஆறாம் நாள் கம்பளிக்கு அப்பாலிருந்து இருமலோடு அக்காவின் குரல் வந்தது.

"அடியே, எல்லார் வேலையையும் கெடுத்துட்டு உக்காந்திருக்கியே. புள்ளைக்குக் காச்சல் எறங்கிச்சா?"

"எறங்கிருச்சுக்கா," என்றேன். "ஒங்களுக்கு?"

பதிலுக்கு இருமல்தான் வந்தது. கம்பளியைக் கழற்றலாமா என்று ஆணியில் கை வைத்தேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டேன்.