ஆகாயத்தில் வைத்த பொட்டு

என் அண்ணி உமாமகேஸ்வரிக்கு உட்காரத் தெரியாது. தலைநகரில், ஜனக்புரியில் எங்கள் வீட்டில் நாலு நாற்காலி இருக்கிறது. நாலிலும் பிரஷ், கண்ணாடி, பாதி குடித்த காபி என்று ஏதாவது உட்கார்ந்திருக்கும்; அவள் மட்டும் நின்றுகொண்டிருப்பாள். படம் வரைவதும் நின்றபடி, சாப்பிடுவதும் நின்றபடி. காலையில் கண்ணுக்கு மை தீட்டுவதுகூட நடந்துகொண்டேதான். இந்த வயசில் யாருக்கு இந்த மை என்று கேட்டால், "எனக்குத்தான்டி கோமளா, வேற யாரு பாக்குறா?" என்பாள்.

மதுரையில் பிறந்தவள். என் அண்ணன் வேணு விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தபோது கல்யாணமாகி, பாலம் விமானதளத்துக் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். கோலம் போட்டுப் பழகிய கை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேலே விமானம் போகும். ஒரு நாள் வடாம் பிழிவதை விட்டுவிட்டு அதை வரைந்தாள். அவ்வளவுதான், பித்துப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் அதிகாரிகளின் மெஸ்ஸிலிருந்து படத்துக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது. அதிகாரி யாராவது ஓய்வு பெற்றால் அவர் ஓட்டிய விமானத்தின் படம் கொடுப்பார்கள். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று கீழே பித்தளைத் தகட்டில் இருக்கும். வரைந்தவள் பெயர் எங்கும் இருக்காது. அண்ணி மூலையில் சின்னதாக எழுதினாலும், சட்டம் போடுகிறவன் அதன் மேலேயே கட்டையை வைத்து அடித்துவிடுவான். "வேணு வீட்டுப் படம்" என்றுதான் அவற்றுக்குப் பெயர்.

"சமைச்சவ பேரை இலையிலயா எழுதுறாங்க?" என்று அண்ணி சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் நம்பியதே இல்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்ததும் தன் கண் மையை விரல் நுனியில் தொட்டு, படத்தில் எங்காவது கடுகளவு பொட்டு வைப்பாள், குழந்தை கன்னத்தில் வைக்கிற மாதிரி. சக்கரத்தின் நிழலிலோ மரத்தடி இருட்டிலோ இருக்கும் அது, யார் கண்ணிலும் பட்டதில்லை.

போன வருஷம் குருகிராமிலிருந்து கௌஷிக் வந்தான். ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை. அதோடு இந்தப் பைத்தியமும். போர்க்கால விமானிகளின் சண்டைக் காட்சியை வரையச் சொல்லி, நல்ல தாளில் கொஞ்சம் பிரதிகள் மட்டும் அச்சடித்து, ஓரத்து வெள்ளையில் அந்த விமானியிடமே பென்சிலில் கையெழுத்து வாங்கி, சேகரிப்பவர்களுக்கு விற்பான். கையெழுத்து இல்லையென்றால் அது சலூனில் மாட்டுகிற போஸ்டர் என்பது அவர்கள் உலகத்துச் சட்டம். விமானி கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓவியர் கையெழுத்தும் இருக்கும் என்றான். அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை அண்ணி பார்க்கவே இல்லை.

அண்ணி வரைந்தது விங் கமாண்டர் ரத்தினவேலின் சண்டையை. கோயம்புத்தூர்க்காரர், எங்களுக்குப் பக்கத்தில் துவாரகாவில் வீடு. எழுபத்தொன்றுப் போரில் தன்னந்தனியாக எதிரி விமானத்தை வீழ்த்தி வீர் சக்ரா வாங்கியவர். 'தன்னந்தனியாக' என்பதைப் பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் எழுதியிருந்தார்கள். கௌஷிக் போனில் கேட்டபோது அவர் அதிகம் பேசவில்லையாம். எண்பதைத் தாண்டியவர். பிரதிகள் தயாரானபோது, அவரை மகள் அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப் போகிறாள், இனி திரும்புவதாக இல்லை என்று சேதி வந்தது. கையெழுத்து வாங்க ஒரே ஒரு காலைதான் கிடைத்தது.

அன்று காலை கௌஷிக், அண்ணி பார்க்கட்டும் என்று பிரதிக் கட்டுகளை மாடிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வண்டியைத் திருப்பக் கீழே போனான். நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கண்புரை எடுத்த புதுக் கண் எனக்கு; ஊர்த் தூசியெல்லாம் தெரியும்.

"அண்ணி, ஆகாயத்துல என்ன ஈ உக்காந்திருக்கு?"

அண்ணி வந்து பார்த்தாள். முகம் செத்துவிட்டது. இந்தப் படத்தில் தரையே கிடையாது. மரமில்லை, நிழலில்லை, முழுக்க ஆகாயம். வழக்கத்தைக் கைவிட மனசில்லாமல், விமானத்துக்குப் பின்னால் மேலே ஓரத்தில் வைத்திருக்கிறாள். பொட்டு என்று கௌஷிக்கின் கேமராவுக்கு என்ன தெரியும்? எல்லாப் பிரதியிலும் அழகாக வந்திருந்தது.

ரப்பரை எடுத்து ஒரு பிரதியில் தேய்த்தாள். தாளின் தோலும் சேர்ந்து உரிந்து, நீல வானத்தில் வெள்ளையாக ஒரு புண் ஆனதுதான் மிச்சம். கீழேயிருந்து ஹார்ன் சத்தம். "ஆன்ட்டி, ஜல்தி!"

படி இறங்கும்போது, "கௌஷிக்கிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"சொன்னா மறுபடி அச்சடிக்கணும்பான். அதுக்குள்ள அவரு பிளேன் ஏறிருவாரு. முப்பது வருசமா வரைஞ்சு இப்பத்தான்டி என் பேரு வெளிய வருது. நீ பேசாம வா."

வழி முழுக்க அவள் சன்னலை ஏற்றினாள், இறக்கினாள், பையைத் திறந்தாள், மூடினாள்.

ரத்தினவேல் மேஜையில் பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். "வாங்க அம்மிணி, உக்காருங்க" என்றார். அண்ணி நின்றாள். மறுபடி சொன்னார். மறுபடியும் நின்றாள்.

முதல் பிரதியைக் கௌஷிக் அவர் முன்னால் விரித்தான். யாராயிருந்தாலும் தன் விமானத்தைத்தானே முதலில் பார்ப்பார்கள்? இவர் பார்க்கவில்லை. ஆகாயத்தைப் பார்த்தார். மேலே, பின்னால், ஓரம் என்று மூலை மூலையாகத் தேடினார். பொட்டில் வந்து கண் நின்றது. பென்சில் பிடித்த கையும் நின்றது.

"இது ஆரு?"

கௌஷிக் எட்டிப் பார்த்து வெலவெலத்துப் போனான். "சாரி சார், டஸ்ட் மாதிரி இருக்கு. பிரிண்டிங் டிஃபெக்ட். நான் ரீப்ரிண்ட்..."

"சும்மா இருங்க தம்பி." அவர் விரல் பொட்டுக்குப் பக்கத்தில் போய், தொடாமல் நின்றது. "சோப்தி. இங்கதான் இருந்தான்."

அவரே சொன்னார். "சண்டை விமானம் ஒத்தையாப் போகாதுங்க, அம்மிணி. சோடியாத்தான் போகும். ஒருத்தன் அடிப்பான், இன்னொருத்தன் அவன் முதுகைப் பாத்துக்குவான். மேலயே நில்லுடான்னு நாந்தான் சொன்னேன். நான் கீழ இருக்கறவனைத் தொரத்திட்டிருக்கேன், எதிரி ஆளு இன்னொருத்தன் என்னைத் தேடிப் பின்னால வந்துட்டான். சோப்தி குறுக்க போனான். எனக்கு மெடல் கெடச்சுது. அவன் திரும்பியே வரலை." மூச்சு வாங்கிக்கொண்டார். "அம்பது வருசமா எல்லாருமே என்னைய ஒத்தையாத்தான் பறக்க விட்டிருக்காங்க. உங்களுக்கு மட்டும் ஆரு சொன்னாங்க?"

கௌஷிக் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. அண்ணியைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். ஒரு தலையாட்டல் போதும். கையெழுத்தும் கிடைக்கும், பெயரும் கிடைக்கும். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, வாயைத் திறந்தால் போதும்.

அண்ணி திறந்தாள். "யாரும் சொல்லலை சார். அது உங்க சோப்தி இல்லை. திருஷ்டிப் பொட்டு. படத்துக்குக் கண்ணு படக் கூடாதுன்னு என் கண் மையைத் தொட்டு வச்சேன். அச்சுல வந்துருச்சு. தப்பு என்னோடதுதான்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அங்கேயே அறையலாம் போலிருந்தது. முப்பது வருஷம் காத்திருந்த காரியத்தை இப்படியா போட்டு உடைப்பாள் ஒருத்தி? ரத்தினவேல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அது உருண்டு மேஜை விளிம்பு வரை போயிற்று. கௌஷிக் பிடித்தான்.

"எங்கம்மாவும் வெப்பாங்க," என்றார் மெதுவாக. "லீவு முடிஞ்சு யூனிஃபார்ம் போட்டுட்டுக் கெளம்பறப்ப, காதுக்குப் பின்னால. சிநேகிதனுங்க பாத்தாச் சிரிப்பானுங்கன்னு ரயில்ல அழிச்சுப் போடுவேன்." ரொம்ப நேரம் பொட்டையே பார்த்தார். "பொட்டு எதுக்குங்க அம்மிணி? புள்ளை மேல விழற கண்ணை அது வாங்கிக்கத்தானே? எம்மேல விழ வேண்டியதை அவன் வாங்கிட்டான். நீங்க சரியான எடத்துலதான் வச்சிருக்கீங்க."

கௌஷிக்கிடமிருந்து பென்சிலை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் அண்ணி தன் பெயரைப் போட்டாள், தமிழில், முழுசாக. பிரதிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அண்ணி நின்றபடியே போட்டுக்கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு பிரதியில் அவர் நிறுத்தினார். அண்ணி ரப்பர் போட்டுத் தேய்த்த பிரதி. அவசரத்தில் அதையும் கட்டோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.

"இதுல அவனைக் காணமே?"

கௌஷிக் அதை உருவப் போனான். பெரியவர் விடவில்லை. அண்ணியைப் பார்த்தார். அண்ணி பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பிரதியை மடியில் வாங்கிக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கீழிமையில் விரலை வைத்து மையைத் தொட்டு, வெள்ளையாய் உரிந்திருந்த இடத்தில் ஒற்றினாள்.

அவர் பென்சிலோடு காத்திருந்தார். மை காய்கிற வரைக்கும் அண்ணி எழுந்திருக்கவில்லை.