உடைந்த ஊசியின் முனை

தலைமுடியெல்லாம் பனியன் பஞ்சு, கையெல்லாம் மெஷின் ஆயில் வாசம்... அப்படித்தான் அந்த நாட்களில் வீடு திரும்புவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மங்கலத்திலிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறிய தொண்ணூறுகள். பதினாறு வயது. யாரிடமும் நிமிர்ந்து பேசமாட்டேன்.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால், எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துத் தாளில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் புது ஊசி. நாங்கள் தைத்தது கைக்குழந்தைகளுக்கான எக்ஸ்போர்ட் பனியன்.

ஒருநாள் மதியம் என் ஊசி உடைந்தது. முனை மட்டும் கிடைக்கவில்லை. தரையில் மண்டியிட்டுத் தேடினேன். அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து மெஷின் தங்கமணி அக்கா, தினமும் தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு ஒரு கை எடுத்து வைப்பவர், தன் நூல் டப்பாவைத் துழாவி ஒரு பழைய முனையை நீட்டினார்.

"இந்தா கண்ணு, இத வெச்சு ஒட்டிக் குடு. சூப்பர்வைசர் என்ன பூதக்கண்ணாடி போட்டுட்டா பாக்கப் போறாரு?"

ஒட்டிக் கொடுத்தேன். புது ஊசி வந்தது. அவ்வளவுதான்!

சாயந்திரம், என் பண்டலில் கறைபட்ட ஒரு பனியனை அக்கா தன் குழந்தைக்கென்று கேட்டு வாங்கினார். பையில் வைக்குமுன் அதை உள்பக்கமாகத் திருப்பினார். தோள், கை, கழுத்து... ஒவ்வொரு தையலையும் விரலால் அழுத்தி அழுத்தித் தடவினார்.

தன் பிள்ளைக்கு மட்டும் பார்க்கிறாரே... பெட்டிக்குள் போகிற மற்றதெல்லாம்?

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் முன்னால் நின்றேன்.

"அண்ணா... நான் ஒட்டுன முனை என்னுதில்லீங்க. என்னுது கெடைக்கவே இல்லீங்க."

"ஏம்புள்ள, இத்தன நேரம் வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

பண்டலைப் பிரித்தார்கள். ஒரு பனியனின் கழுத்துத் தையலுக்குள் இருந்தது முனை. எள்ளளவுதான்.

"அந்தப் பழைய முனைய யாரு குடுத்தா?" என்று கேட்டார். அதை மட்டும் சொல்லவில்லை. அது சரியா தப்பா, இன்றும் தெரியவில்லை. அக்கா தலை நிமிரவேயில்லை. மறுநாளிலிருந்து அந்த டிபன் பாக்ஸ் என் பக்கம் வரவுமில்லை.

இப்போது என் மகள் வேலை பார்க்கும் கம்பெனியில் அதற்கும் மெஷின் வந்துவிட்டது. பனியனுக்குள் ஊசி இருந்தால் அதுவே சத்தம் போடுகிறது. யாரும் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டாம். நல்லதுதான்...

ஆனாலும் பேரனுக்குப் புதுச்சட்டை போடுமுன், என் விரல் தானாகத் தையலைத் தடவுகிறது. அக்காவின் விரலைப் போலவே.