அந்தோணிசாமி அண்ணன் வாசித்த வாசகம்

கடவுள் எனக்கு மூளையைக் குறைத்து வாயைக் கூட்டி வைத்துவிட்டார். எங்கள் கோயிலில் ஞாயிறுதோறும் பைபிள் வாசகம் வாசித்த அந்தோணிசாமி அண்ணனுக்குத் திக்குவாய். ஒருநாள் ஆண்டிமடம் டீக்கடையில் அவரைப் போலவே வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் அவர் நின்றுகொண்டிருந்தார். அதன்பின் அவர் வாசிக்கவே இல்லை.

நான்கு வருடம் கழித்து, போன தவக்காலத்தில், பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லிட்ட, சரி. அவருகிட்ட சொன்னியா?" என்றார் சாமியார்.

அண்ணன் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு முதல் சொல்லிலேயே சிக்கிக்கொண்டது.

"ம... மன்... மன்னிச்சிருங்கண்ணே."

அவர் முகம் சுருங்கியது. "இன்னுமாடா தம்பி?"

அப்புறம்தான் என் கண்ணைப் பார்த்தார். கூடையை வைத்துவிட்டு வந்து தோளைப் பிடித்தார்.

"மன்னிச்சிட்டேன், அழுவாத. உங்க அண்ணிதான் சாவுற வரைக்கும் கேட்டா, 'எப்பங்க திரும்ப வாசிப்பீங்க'ன்னு."

ஈஸ்டர் காலைப் பூசையில் அவர் வாசித்தார். நடுவில் ஒரு சொல் சிக்கிக்கொண்டது. கோயிலே காத்திருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். மனம் வெகுநாளைக்குப் பிறகு லேசாக இருந்தது. பெண்கள் பக்கம், அண்ணி வழக்கமாக உட்காரும் இடத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.